நடுங்கும் கோடுகள்: பொம்மைப் படங்களை முன்வைத்துச் சில எண்ணங்கள்

'அனிமேஷன்' என்ற சொல்லுக்கு இணையாகத் தமிழில் அசைவூட்டம், உயிரூட்டம், இயங்குபடம் எனப் பல சொற்கள் உலவுகின்றன. இவற்றுள் எது தகும் என்ற வழக்கு கலைச்சொல் ஆக்குவோரிடையே இன்னும் தீர்ந்தபாடில்லை. கல்லூரி வினாத்தாள்களில் மட்டும் 'அசைவூட்டம்' முந்திக்கொண்டது போலத் தெரிகிறது. மதுரைத் தெருக்களில் இவற்றில் ஒன்றும் வழங்குவதில்லை. இங்கே அதற்குப் பெயர் 'பொம்மைப் படம்'. கே.கே. நகரில் எந்த வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும், அதன் பாட்டியைக் கேட்டாலும், இந்தச் சொல்லே வரும். நமக்கும் இதுவே உவப்பானது. ஆயினும் இச்சொல்லில் அன்போடு கொஞ்சம் அலட்சியமும் கலந்திருப்பதை மறுக்க இயலாது. பொம்மைப் படம் என்றால் அது குழந்தைகளுக்கானது, பெரியவர்கள் அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம் என்று பொருள். இலக்கிய வாசகரிடமும் நிலை இதுவே. பெர்க்மனையும் ரேயையும் இரவு முழுவதும் விவாதிக்கத் தயங்காத நம் சிற்றிதழ் மரபு, கையால் வரையப்பட்ட குறும்படங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியதை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

இக்கட்டுரை அந்த அலட்சியத்தோடு ஒரு சிறு வழக்காடல். (மாவட்ட நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் இப்பழக்கம் தொற்றிக்கொண்டது என நண்பர்கள் கருதினால் மறுப்பதற்கில்லை.)

முதலில் படங்களைப் பார்ப்போம். எமில் கோல் என்ற பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர் 1908-இல் 'ஃபாண்டாஸ்மகோரி' என்ற படத்தை உருவாக்கினார். அது இரண்டு நிமிடங்கூட ஓடுவதில்லை. அதற்கென அவர் தாளில் வரைந்த படங்கள் ஏறத்தாழ 700. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோட்டால் வரைந்து, அதை எதிர்ப்படமாகவே அச்சிட்டதால், திரையில் அது கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் வரைந்தது போலத் தோன்றும். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இதைவிட நெருக்கமான காட்சி இருக்க முடியாது. தொடக்கத்தில் ஒரு மனிதக் கை வந்து கோமாளி ஒருவனை வரைந்துவிட்டு விலகுகிறது. அதன்பின் எந்த உருவமும் நிலைப்பதில்லை. புட்டி பூவாகிறது. பூவின் தண்டு யானையின் துதிக்கையாகிறது. ஒன்று முடியும் இடத்தில் இன்னொன்று பிறந்துவிடுகிறது. கதை என்று சுட்டத்தக்க ஒன்று அதில் கிடையாது. தமிழ் படித்தவர்களுக்கு இதன் கட்டுமானம் புதிதன்று. ஓர் அடியின் இறுதி அடுத்த அடியின் முதலாக வரும் அந்தாதித் தொடைதான் அது. எமில் கோல் அந்தாதியைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் கோட்டை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போகும் கைக்கும், சொல்லை நிறுத்தாமல் தொடுத்துக்கொண்டே போகும் நாவுக்கும் உள்ள இன்பம் ஒன்றே என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்தது அமெரிக்கரான வின்சர் மெக்கே 1914-இல் உருவாக்கிய 'கெர்ட்டி' என்ற டைனோசரின் படம். பத்திரிகைகளில் சித்திரக்கதை வரைந்து புகழ்பெற்ற மெக்கே, இப்படத்தை முதலில் திரையரங்குக்காக அன்றி மேடைக்காகவே ஆக்கினார். கையில் சாட்டையோடு மேடையில் நின்று, பின்னால் திரையில் இருக்கும் கெர்ட்டிக்குக் கட்டளையிடுவார். அது வலக்காலைத் தூக்கும், இடக்காலைத் தூக்கும், சில வேளை அடம்பிடிக்கும். அவர் கடிந்துகொண்டால் அழும். ஓர் ஏரியையே குடித்து வற்றச் செய்யும். அவர் பழத்தை வீசுவது போல் பாவனை செய்ய, திரையில் அது பழத்தைக் கவ்வும். இறுதியில் அவரே திரைக்குள் நுழைந்துவிட்டது போலக் காட்டி, வரையப்பட்ட மெக்கேயைக் கெர்ட்டி முதுகில் ஏற்றிச் செல்லும். மீனாட்சி கோயில் யானையும் பாகனும் பேசிக்கொள்வதைக் கண்ட மதுரைக்காரருக்கு இதில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை. தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னிருந்து உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் கொடுப்பவரின் இடத்தில், மெக்கே திரைக்கு முன்னே நின்றார் என்பதே வேறுபாடு.

கெர்ட்டி படத்தில் நம்மை ஈர்ப்பது டைனோசர் மட்டுமன்று. அதன் பின்னணியிலுள்ள பாறைகளும் நீர்நிலையும் நம்மை இன்னும் அதிகமாக ஈர்க்கின்றன. அவை நடுங்குகின்றன. அசைய வேண்டிய தேவையே இல்லாத பாறை, மூச்சு விடுவது போல மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கிறது. காரணம் எளியது. பின்னணியைத் தனியே ஒருமுறை வரைந்து வைத்துக்கொண்டு, அதன்மேல் கண்ணாடி போன்ற தாளில் உருவத்தை மட்டும் மாற்றி மாற்றி வைக்கும் செல்லுலாய்டு உத்தி அப்போது மெக்கேயின் கைக்கு வரவில்லை. ஆகவே ஒவ்வொரு தாளிலும் டைனோசரோடு பாறையையும் மலையையும் மறுபடி மறுபடி வரைய வேண்டியிருந்தது. ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞர் இப்பின்னணிகளை ஆயிரக்கணக்கான தாள்களில் படியெடுத்தார். எத்தனை கவனமாகப் படியெடுத்தாலும் மனிதக் கை ஒரு கோட்டை இரண்டாம் முறை அப்படியே வரைவதில்லை. மயிரிழை விலகும். அந்த விலகல்கள் வரிசையாக ஓடும்போது பாறை நடுங்குகிறது.

1914-இன் இறுதியில் எர்ல் ஹர்ட் என்பவர் செல்லுலாய்டு தாள் முறைக்குக் காப்புரிமை கோரினார். அதன்பின் பாறைகள் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டன. வேலை பலருக்குப் பிரிக்கப்பட்டது. முதன்மை அசைவுகளை ஒருவர் வரைய, இடைப்பட்டவற்றை மற்றொருவர் நிரப்ப, மையிடுவோர் ஒருபுறமும் வண்ணமிடுவோர் ஒருபுறமுமாகத் தொழிற்கூடங்கள் எழுந்தன. அதனால் நமக்குப் பல மகத்தான படங்கள் கிடைத்தன என்பதில் ஐயமில்லை. நாம் டிஸ்னியின் பகைவர் அல்லர். ஆனால் அந்த நடுக்கம் போய்விட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். 'தொழில்நுட்பம் வளராத காலத்தின் குறைபாட்டை அழகு என்று கொண்டாடுவது வெறும் பழம்பெருமை அன்றோ?' நியாயமான கேள்விதான். 'எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் பாருங்கள்' என்று பதில் சொல்வது வழக்கம். நாம் அப்பதிலைச் சொல்லப்போவதில்லை. உழைப்பு மட்டுமே கலையாகிவிடுமென்றால் நம் சித்திரகவிகள் அல்லவா தமிழின் உச்சமாக இருந்திருக்க வேண்டும்? முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வரும் மாலைமாற்றும், தேரின் வடிவில் எழுத்துகளை அடுக்கும் இரதபந்தமும் கோருகிற உழைப்பு கொஞ்சமா? அவற்றைப் பாடம் நடத்தி முடித்தபின் மாணவர் முகங்களில் நாம் காண்பது வியப்பு. கவிதை தரும் கலக்கம் அங்கே இருப்பதில்லை.

ஆகவே அந்த அழகு உழைப்பில் இல்லை. தயக்கத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. நடுங்கும் கோட்டில், வரைந்தவர் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுத்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் பாறை இங்கே தொடங்கி இப்படி வளைந்து இங்கே முடியட்டும் என்று ஒருமுறை முடிவுசெய்துவிட்டு அவர் எழுந்து போய்விடவில்லை. ஒவ்வொரு தாளிலும் அதை மறுபடி தீர்மானித்தார். அந்தத் தீர்மானங்களுக்கு இடையிலான சிறு இடைவெளிதான் நடுக்கமாகத் திரையில் ஓடுகிறது. மார்கழி விடியலில் புள்ளி வைத்துக் கம்பிக்கோலம் இழுக்கும் பெண்ணின் விரல்களைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கோடு புள்ளியை வளைத்துக்கொண்டு திரும்பும் இடத்தில் மாவு சற்றே தடிக்கும். அங்கே விரல் ஒரு கணம் யோசித்திருக்கிறது. நாம் குடியிருக்கும் பகுதியின் அடுக்ககங்களில் இப்போது வாசலுக்கு வாசல் ஒட்டுக்கோலம். சமச்சீர், பிசிறில்லை, மழையில் கரைவதில்லை. அதன் எதிரே நின்று யாரும் 'இன்றைக்கு என்ன கோலம்?' என்று கேட்பதுமில்லை.

வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குப் 'புனையா ஓவியம்' என்று தனிப் பெயரே வைத்திருந்த மொழி நம்முடையது. அப்படியிருக்க, கோட்டை அசைய வைக்கும் கலை இங்கே ஏன் வேர்பிடிக்கவில்லை? தமிழ்ச் சூழலுக்கு வரும்போது நம்மை உறுத்துகிற கேள்வி இதுதான்.

இந்தியாவில் தொடக்கம் தாமதமாகவில்லை. தாதாசாகேப் பால்கே 1910-களிலேயே தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்துப் பார்த்தவர். 1934-இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்திலிருந்து குணமய் பானர்ஜியின் 'தி பீ பிரதர்ஸ்' வெளிவந்தது. சென்னையிலும் 1947-இல் 'சினிமா கதம்பம்' என்றொரு சித்திரப்படம் வந்தது. ஆனால் அது ஒரு மரபாகத் தொடரவில்லை.

சென்னையில் அன்று என்ன குறை இருந்தது? கோடு இல்லாமல் போகவில்லை. ஆனந்த விகடனில் மாலியின் கோடு இருந்தது. அவரைத் தொடர்ந்து கோபுலு வந்தார். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்தபோது கோபுலு வரைந்த மோகனாவையும் சண்முகசுந்தரத்தையும் பார்த்தவர்கள், அந்தக் கோடுகள் தாளில் நிற்கவில்லை, அடுத்த அசைவுக்குக் காத்திருக்கின்றன என்பதை ஒப்புவர். மிருதங்கத்தின் மீது இறங்கவிருக்கும் கை, சலங்கை கட்டிய காலின் மடிப்பு, சபையில் தலையாட்டும் பெரியவரின் குடுமி என எல்லாம் பாதி அசைவில் பிடிக்கப்பட்டவை. வசதியும் இல்லாமல் போகவில்லை. இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. விகடனும் எஸ்.எஸ். வாசனுடையது, ஜெமினி ஸ்டுடியோவும் எஸ்.எஸ். வாசனுடையது. இந்தியாவின் மிகச்சிறந்த கோடுகளில் சிலவும், நாட்டின் பெரிய படப்பிடிப்புக் கூடங்களில் ஒன்றும் ஒரே முதலாளியிடம் இருந்தன. 'சந்திரலேகா'வின் முரசு நடனத்துக்குப் பணத்தை வாரி இறைத்தவர் வாசன். இருந்தும் கோபுலுவின் கோடு திரையில் ஆடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 படங்கள், நிமிடத்துக்கு 720. பத்து நிமிடக் குறும்படத்துக்கு 7,200 படங்கள். அதே ஓவியர் ஒரே ஒரு நகைச்சுவைச் சித்திரத்தை வரைந்தால் அடுத்த வாரமே அது பல்லாயிரம் வாசகரைச் சென்றடையும். சரி, சிரமப்பட்டு வரைந்தாலும் அக்குறும்படத்தை எங்கே விற்பது? முதன்மைப் படத்துக்கு முன்னால் குறும்படம் ஓட்டும் நேரம் ஒன்று திரையரங்குகளில் இருந்தது உண்மை. அந்த நேரத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1948-இல் தொடங்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் தயாரிக்கும் செய்திச் சுருளையும் ஆவணப்படத்தையும் ஒவ்வொரு காட்சியிலும் ஓட்டியாக வேண்டும், அதற்கு வசூலில் ஒரு சிறு பங்கை வாடகையாகவும் செலுத்த வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. கட்டாயமாக ஒன்றை வாங்கியாக வேண்டிய அரங்க உரிமையாளர், விருப்பத்துக்கு இன்னொன்றை ஏன் வாங்கப் போகிறார்? தனியார் குறும்படத்துக்கான சந்தை முளையிலேயே இல்லாமல் போனதற்கு இது முக்கியக் காரணம் என்று நாம் எண்ணுகிறோம். முரண் என்னவெனில், நம் நாட்டின் மிகச்சிறந்த கையோவியக் குறும்படங்கள் சில பிறந்ததும் அதே அரசு நிறுவனத்தில்தான்.

அந்தக் கதை 1956-இல் தொடங்குகிறது. டிஸ்னி நிறுவனத்தில் 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி' முதலிய படங்களில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர், அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்கீழ் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் இளைஞர் குழு ஒன்றைப் பயிற்றுவித்தார். 1957-இல் வந்த 'தி பேனியன் டீர்' அப்பயிற்சியின் கனி. சினையுற்ற மானுக்காகத் தன்னுயிரைத் தர முன்வரும் மான் அரசனின் ஜாதகக் கதை அது. அஜந்தா சுவரோவியங்களின் சாயலில் வரையப்பட்டது. நன்முயற்சி என்பதில் மறுப்பில்லை. ஆயினும் அதில் இரண்டு கைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருப்பதாகவே நமக்குப் படுகிறது. உருவம் அஜந்தாவைச் சேர்ந்தது. அசைவு கலிபோர்னியாவைச் சேர்ந்தது. அஜந்தாவின் கோடு நிதானமானது, உள்நோக்கியது. அதைத் துள்ள வைத்தால் அது சங்கடப்படுகிறது. அடுத்த ஆண்டு ஜகாங்கிர் பாவ்நகரி எடுத்த 'ராதா அண்ட் கிருஷ்ணா' இதைவிட நேர்மையானது. பழைய சிற்றோவியங்களை அசைக்க முயலாமல், அவற்றின் மீது கேமராவை நகர்த்தி அது கதை சொல்லும். ஆனால் அது ஓவியத்தைப் பார்க்கும் படம். வரையும் படமன்று.

அந்த முதல் குழுவிலிருந்து வந்தவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்று, அதை விட்டுவிட்டு 1956-இல் பென்சிலைப் பிடித்தவர். 'ஹோமோ சாப்ஸ்' (1967), 'யூ செட் இட்' (1972) ஆகியவை அவர் பெயர் சொல்பவை. 2019-இல் அவர் மறைந்தபோது இந்திய அசைவூட்டத்தின் தந்தை என்று ஆங்கில நாளிதழ்கள் எழுதின. தமிழில் நம் கண்ணில் பட்டவை சில வரிகளே. இத்தனைக்கும் ரேயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பவை ஏராளம். அதில் அவத் நாட்டைக் கும்பெனி விழுங்கிய வரலாற்றைக் கேலிச்சித்திர அசைவாகச் சொல்லும் சில நிமிடங்கள் உண்டு. டல்ஹௌசி, நாடுகளைச் செர்ரிப் பழங்களாக ஒவ்வொன்றாய் வாயில் போட்டுக்கொள்வார். அந்தப் பகுதியின் அசைவூட்டம் ராம் மோகனுடையது. அதைக் கடந்து சென்றே சதுரங்கத்தின் குறியீட்டை ஆராய்ந்திருக்கிறோம்.

மதுரைக்காரர்கள் இத்தகைய படங்களைப் பார்க்கவில்லையா? பார்த்தார்கள், பார்க்காமலும் இருந்தார்கள். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறக்கப்பட்ட தங்கம் திரையரங்கு 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது. (இன்று அரங்கு இல்லை.) அங்கும், சென்ட்ரலிலும், சிந்தாமணியிலும் விளக்கணைந்ததும் முதலில் வருவது பிலிம்ஸ் டிவிஷன் சுருளே. வெள்ள நிவாரணமும் அணைக்கட்டுத் திறப்பும் பீகார் வறட்சியும் தமிழ்க் குரலில் விவரிக்கப்படும். அது முடியும் நேரத்தைக் கணக்கிட்டு முறுக்கு வாங்கப் போகிறவர் பாதி, வீட்டிலிருந்தே தாமதமாகக் கிளம்புகிறவர் மீதி. இடையில் எப்போதேனும் குடும்பநலம், சேமிப்பு, சுகாதாரம் என்று ஏதோ ஒன்றைச் சொல்ல ஒரு கோட்டோவியப் படம் வரும். நம் பிள்ளைப் பருவமான எண்பதுகளில் அவற்றின் கடைசிக் காலத்தை நாம் கண்டோம். அறிவுரைக்காக எடுக்கப்பட்டவைதாம். ஆனால் சிக்கனத்தின் அழகை அவற்றில்தான் கற்றோம். நான்கு கோட்டில் ஒரு மாடு. ஒரு வளைவில் கர்ப்பிணிப் பெண். பின்னணி என்று ஒற்றை அடிக்கோடு. பணமும் நேரமும் போதாமையால் வந்த சிக்கனமே என்றாலும், குறட்பாவின் இறுக்கமும் இடம் போதாமையிலிருந்து வந்ததுதானே?

எண்பதுகளின் பிள்ளைகள் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இவற்றுள் ஒன்றை மட்டும். 1974-இல் விஜயா மூலே இயக்க, பீம்சேன் உயிரூட்டிய 'ஏக் அனேக் அவுர் ஏக்தா'. ஏழு நிமிடப் படம் தூர்தர்ஷனில் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று தம்பி கேட்க அக்கா சொல்லும் பாட்டு. வேடனின் வலையோடு பறவைகள் ஒன்றாகப் பறந்து போக, எலிகள் வலையைக் கொறித்து விடுவிக்கும். நம் பாடப் புத்தகத்தில் புறாக்களாக இருந்த பழைய கதைதான். நாட்டு ஒருமைப்பாட்டை வலியுறுத்தும் நோக்கம் வெளிப்படை. அதை இந்தியில் மட்டும் சொல்லித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் அனுப்பினார்கள் என்பதிலுள்ள நகைமுரணை விளக்கத் தேவையில்லை. நமக்கு மொழி புரியவில்லை. பறவைகள் புரிந்தன. வலை தரையிலிருந்து எழும்பும் அந்தக் கணத்தில், ஒவ்வொரு பறவையின் சிறகும் ஒரே கதியில் அடித்துக்கொள்ளாமல் சற்றே முன்பின்னாக இருந்ததை இன்றும் நினைவில் காண்கிறோம். அதே பீம்சேன் 1970-இல் எடுத்த 'தி கிளைம்ப்' சிகாகோ திரைப்பட விழாவில் வெள்ளி ஹ்யூகோ விருது பெற்றது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

படங்களைக் கூட்டமாக நின்று பார்த்துப் பேசும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதன்று. பரிபாடலின் 19-ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்றைக் காட்டுகிறார். மதுரையிலிருந்து குன்றத்துக்கு வந்த மக்கள் ஓவியங்களைச் சுட்டி, இவர் யார், இது என்ன என்று கேட்கிறார்கள். உடன் வந்தோர் விளக்குகிறார்கள். இவன் காமன், இவள் இரதி. பூனை உருவில் ஓடுபவன் இந்திரன். இவள் அகலிகை, அவர் கௌதமர், சினத்தால் அவள் கல்லானாள். அசையாத சுவரோவியம் பார்ப்போரின் உரையாடலால் அசையத் தொடங்குகிறது. படத்தை வாசித்தல் என்ற ஒன்று நம்மிடம் இருந்தது. அதை இன்று குழந்தைகளிடம் விட்டுவிட்டு, எழுத்தை மட்டும் வாசிப்பு என்கிறோம்.

நம் கல்லூரிகளின் தமிழ்த் துறைகளில் ஊடகத் தமிழ், திரைத்தமிழ் என்று தாள்கள் வந்துவிட்டன. நல்லதுதான். 'பராசக்தி'யின் நீதிமன்ற வசனமும் பாடலாசிரியர் வரலாறும் அவற்றில் உண்டு. கோட்டோவியக் குறும்படம் ஒன்றுகூட இருப்பதாக நாம் அறியவில்லை. சென்ற பருவத்தில் மாணவர்களுக்குக் 'கெர்ட்டி'யைக் காட்டினோம். ஒலியில்லாத, கறுப்பு வெள்ளைப் படம். கைப்பேசியிலேயே வளர்ந்த பிள்ளைகள் பொறுமையிழப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, "அந்தப் பாறை ஏங்கய்யா நடுங்குது?" என்று கேட்டாள். ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். யாரும் மணியைப் பார்க்கவில்லை.

2025 மார்ச்சில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி, எந்தப் புகைப்படத்தைக் கொடுத்தாலும் ஜப்பானின் ஜிப்லி நிறுவனத்துக் கையோவியப் பாணியில் மாற்றித் தரத் தொடங்கியது. சில நாள்களுக்குள் மதுரையின் கல்யாணப் படங்களும் காதுகுத்துப் படங்களும் மியாசாகியின் பச்சைப் புல்வெளியில் நின்றன. நமக்கு அதில் பெரிய சினம் ஏதுமில்லை. மக்களுக்குக் கையோவியத்தின் மீது இத்தனை ஏக்கம் இருக்கிறது என்பதையே அது காட்டியது. ஆனால் அந்தப் படங்களில் எதிலும் ஒரு கோடு கூடத் தயங்கவில்லை. தயங்கியது போன்ற தோற்றம் இருந்தது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க நம்மிடம் பாடம் இல்லை. கையோவியக் குறும்படங்களைப் பொம்மைப் படமென்று ஒதுக்கியதன் விலை இதுதான். எது கை, எது கையின் சாயல் என்று பிரித்தறியும் கண் நம் மாணவர்களுக்கு எளிதில் வாய்த்திருக்கும். அதைப் பழக்க நாம் முனையவில்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டாயத் திரையிடல் நின்றுபோய்ப் பல்லாண்டுகள் ஆகின்றன. பிலிம்ஸ் டிவிஷன் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய குறும்படங்கள் பல எண்முறையில் மாற்றப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன என்பது மகிழ்ச்சியே. ஆனால் நாம் தேடிக் காண்பவை பெரும்பாலும் இந்தி அல்லது ஆங்கிலக் குரலோடுதான் வருகின்றன. தங்கம் அரங்கின் இருட்டில் நம் பெற்றோர் கேட்டது தமிழ்க் குரல். மேலூர், அலங்காநல்லூர் பக்கத்து ஊர்களில் அரசு விளம்பர வண்டிகள் பொட்டலில் வேட்டி அகலத்துக்குத் திரை கட்டி ஓட்டியதும் தமிழ்க் குரலோடுதான். அந்தக் குரலுக்கென்று ஒரு நடை இருந்தது. வானொலித் தமிழுமன்று, மேடைத் தமிழுமன்று. மாட்டையும் மழையையும் தடுப்பூசியையும் பற்றிச் சீராகப் பேசிய உரைநடை அது. அதை எழுதியவர்கள் யார், பேசியவர்கள் யார் என்பதைத் தேடித் தொகுப்பது தமிழ்த் துறைகளின் வேலை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் நம்மிடம் வருவோரிடம் இதையே சொல்லிவருகிறோம். இதுவரை ஒருவர்தான் 'பார்க்கிறேன் ஐயா' என்று சொல்லிப் போயிருக்கிறார்.

பழைய திரையரங்குகளில் படக்கருவி இயக்கியவர்களையோ, விளம்பர வண்டிகளில் பணிபுரிந்தவர்களையோ அறிந்த நண்பர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், அவர்களிடம் சற்று உட்கார்ந்து பேசி, கேட்பதை எழுதிவைக்கக் கோருகிறோம். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டியிருக்கும்.